முடிச்சுப்போட்டாருங்களா?

இனிமேல் என்னைப் பார்த்து "அந்தப் புத்தகம் வந்துருச்சா?" என்று கேட்க நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கேளுங்கள். வந்திருந்தால் நான் உங்கள் எதிரில் நின்றுகொண்டிருப்பேனா? கதவைச் சாத்தி, போனை அணைத்துப்போட்டு, சோறு தண்ணி மறந்து படித்துக்கொண்டிருக்க மாட்டேனா? மொய்க் கவரும் கையுமாக நான் ஊருக்குள் நடமாடுகிறேன் என்றாலே புத்தகம் வரவில்லை என்றுதான் அர்த்தம். இதைப் புரிந்துகொள்ள என்ன கஷ்டம்?

எந்தப் புத்தகம் என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து இப்போதே கிளம்பிவிடுங்கள். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' டிவி தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வாசகர்கள் மட்டும் உட்காருங்கள். அந்த வரிசையில் ஆறாவது புத்தகத்துக்குத்தான் இந்தக் காத்திருப்பு. 2011 ஜூலையில் வந்த ஐந்தாவது புத்தகத்தின் கடைசியில், கதையின் நாயகர்களில் ஒருவனான ஜான் ஸ்நோவைச் சொந்த ஆட்களே கத்தியால் குத்திச் சாய்த்தார்கள். அவன் இன்னும் அந்தப் பனியிலேயேதான் கிடக்கிறான். தூக்கி ஓரமாகப் போடக்கூட நாதியில்லை.

காத்திருப்பது பழகிவிட்டது. காத்திருப்பவனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறார்களே, அவர்களைத்தான் தாங்க முடியவில்லை.

போன முகூர்த்தத்துக்குக் காங்கயத்தில் ஒரு கல்யாணம். இணைச்சீர், தாலிகட்டு எல்லாம் முடிந்து, பந்தியில் முட்டி மோதி இடம் பிடித்து உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் என் மனைவியின் பெரியப்பா. திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் இருந்த அந்த ஐந்து தடித்தடிப் புத்தகங்களைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். நானும் ஆர்வத்தில் எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து என்னிடம் சௌக்கியமா என்று கேட்பதையே விட்டுவிட்டார்.

"ஏனுங் மாப்ள, உங்க அமெரிக்காக்காரரு புஸ்தகத்த முடிச்சுப்போட்டாருங்களா?"

"இல்லீங் மாமா."

"கடைசியா எப்பக் குடுத்தாரு?"

"2011லைங்."

பொரியலுக்குப் போன கை நின்றுவிட்டது. "அப்பறம் பையர் எப்படீங் சும்மா விட்டான்?"

"பையர் நாங்கதானுங் மாமா."

அங்கேயே வாயை மூடியிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளை முறை. பெரியவர் கேட்டால் பதில் சொல்லாமல் இலையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அடுத்தது வந்தது: "மொத்தம் எத்தன பீஸுக்கு ஆர்டரு?"

"ஏழு புஸ்தகமுங். மொதல்ல மூணுன்னுதான் ஆரம்பிச்சாரு."

"மூணுன்னு பேசி ஏழாக்கி, அதுலயும் அஞ்சுதான் டெலிவரியா!" என்று இலையைத் தாண்டி எதிர்வரிசைக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எதிர்வரிசை நிமிர்ந்தது. யாரோ என்னைப் பணவிஷயத்தில் ஏமாற்றிவிட்டதாகத்தான் அவர்கள் நினைத்திருப்பார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து 'ப்ச்' கொட்டியது.

அப்புறம் மாமா கணக்குக்குள் இறங்கினார். "நூலு வாங்கி, நிட்டிங் ஓட்டி, டையிங்குக்கு அனுப்பி, கட்டிங், ஸ்டிச்சிங், செக்கிங், அயர்னிங், பேக்கிங்னு அத்தனையும் பாத்து 90 நாள்ல தூத்துக்குடில கப்பல் ஏத்திப்போடறோமுங். நாள் தவறிப்போச்சுன்னா ஏர்ல அனுப்புன்னுருவான். அந்தச் செலவு நம்ம தலைல. இவரு ஒத்த ஆளு உக்காந்து எழுதறதுக்கு இத்தன வருசமுங்களா? மிஷின் என்ன மிஷினு?"

மிஷின்! சொன்னேன். இண்டர்நெட்டே இல்லாத ஒரு டாஸ் கம்ப்யூட்டர், அதில் வேர்டுஸ்டார் 4.0 என்ற அந்தக் காலத்து எழுத்து மென்பொருள். இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ஆடிட்டர் ஆபீஸ் அண்ணன் ஒருவர் சாம்பார் சோற்றோடு திரும்பினார். "வேர்டுஸ்டாருங்களா? நான் லோட்டஸோட சேத்திப் படிச்சேனுங்க. கன்ட்ரோல் கே-டி அடிச்சா சேவ் ஆகும்" என்று கண்ணெல்லாம் மின்னச் சொன்னார். மாமா ஒரே போடாகப் போட்டார்: "கண்டம் மிஷின வெச்சுக்கிட்டு ஓட்டுனா புரொடக்‌ஷன் எப்படீங் வரும்?"

இந்தக் களேபரத்துக்கு நடுவில் எதிர்வரிசையிலிருந்து ஒரு காலேஜ் பையன். "அண்ணா, அந்த டிவி சீரிஸ்தானே? அதுதான் 2019லயே முடிஞ்சிருச்சே. கடைசில பிரான்தான் ராஜா." முடிந்தது. எழுதியவரே இன்னும் எழுதாத முடிவை, ரசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே சொல்லிவிட்டான். தம்பி, எனக்கும் தெரியும், நானும் பார்த்தேன். அந்தக் கடைசி சீசனைப் பார்த்த பிறகுதான், மனிதர் தன் கையால் எழுதி முடித்தால் தேவலை என்று இன்னும் ஏங்குகிறேன். இதை உனக்குப் பந்தியில் எப்படி விளக்குவது?

மாமா விடவில்லை. "வேற ஆளுகிட்ட ஜாப் ஒர்க் குடுத்தா என்னுங்?" 'வீல் ஆஃப் டைம்' என்ற பெரிய நாவல் தொடரை எழுதிய ராபர்ட் ஜோர்டன் 2007இல் இறந்த பிறகு, பிராண்டன் சாண்டர்சன் என்ற இன்னொரு எழுத்தாளர் அவருடைய குறிப்புகளை வைத்துக்கொண்டு அதை 2013இல் முடித்துக்கொடுத்தார். அதைப் போய் மாமாவிடம் சொன்னேன். "அப்ப இவரு போய்ச் சேந்தாத்தான் மிச்சம் வருமுங்களா? வயசென்ன?" "1948லைங் பொறந்தாரு." ஆடிட்டர் ஆபீஸ் அண்ணன் மனக்கணக்குப் போட்டுவிட்டு "அடடா" என்றார். கல்யாண வீட்டில், மணப்பெண் மேடையில் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, எங்கோ சாண்டா ஃபேயில் நன்றாக இருக்கிற மனிதருக்கு இங்கே இரங்கல் கூட்டம் நடக்கிறது.

சரி, இவர்களை மட்டும் சொல்லி என்ன? அந்த மனிதர் மட்டும் யோக்கியமா? நான்காவது புத்தகத்தின் கடைசியில் ஒரு குறிப்பு உண்டு. அதில் வராத மிச்சப் பேருடைய கதை அடுத்த வருடம் வந்துவிடும் என்று நம்புவதாக எழுதியிருப்பார். என் பிரதியில் அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன், சாட்சிக்கு. அந்தப் புத்தகம் வந்தது 2005. அவர் சொன்ன 'அடுத்த வருடம்' வந்தது 2011. அப்புறம் 2016 ஜனவரி 2ஆம் தேதி, புத்தாண்டு வாழ்த்துக்கே பதில் போட்டு முடிக்காத நேரத்தில், இன்னும் முடியவில்லை என்று ஒரு நீண்ட அறிவிப்பு. 2019இல் அதைவிடப் பிரமாதம்: நியூசிலாந்தில் நடக்கப்போகும் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குப் புத்தகம் இல்லாமல் வந்தால், அமில ஏரியைப் பார்த்த ஒரு குடிலில் முடிக்கும்வரை என்னைப் பூட்டி வையுங்கள் என்று எழுத்துபூர்வமாக அனுமதியே கொடுத்தார். 2020இல் கொரோனா வந்தது, மாநாடு ஆன்லைனுக்குப் போனது, மனிதர் தப்பித்தார். உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் காலத்திலாவது முடித்திருக்கலாம். எங்கே?

மற்றதற்கெல்லாம் நேரம் இருக்கிறது. 2018இல் டிராகன் ராஜாக்களின் முப்பாட்டன் கதையைத் தலையணை அளவுக்கு எழுதினார். வீடியோ கேமுக்கு உலகம் படைத்துக் கொடுத்தார். சொந்தமாக ஒரு சினிமா தியேட்டர் வேறு. அந்த முப்பாட்டன் கதையை முதல் வாரமே வாங்கியது யார்? நான்தான். அது நன்றாக வேறு இருந்து தொலைத்தது, அதுதான் எரிச்சல். சுமாராக எழுதினால் திட்டிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். ஒரு விருந்து நடந்தால் இலையில் என்ன விழுந்தது என்றுகூட எழுதுகிற ஆள். அத்தனை பேரையும் நம் வீட்டு ஆட்கள் மாதிரி ஆக்கிவிட்டு, ஒவ்வொருவரையும் ஒவ்வொரு முட்டுச்சந்தில் நிறுத்திவிட்டுப் போனால் எப்படி?

பந்திக்கு வருகிறேன். ஒப்புட்டும் நெய்யும் வந்த நேரத்தில் மாமா கடைசி யோசனையைச் சொன்னார். "இப்பத்தான் ஏஐ வந்துருச்சே மாப்ள. அதுகிட்டக் குடுத்தா நாளைக்கே எழுதிப்போடாதுங்களா?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "அதெல்லாம் கூடாதுங் மாமா. எங்க எழுத்த எடுத்து ஏஐக்குப் பழக்குறீங்கன்னு 2023லயே மத்த எழுத்தாளருங்களோட சேந்து கேஸ் போட்டிருக்காருங்."

மாமா ஒப்புட்டைப் பிய்த்து நெய்யில் ஒரு புரட்டுப் புரட்டினார். வாயில் போட்டு, மென்று, விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

"கேஸ் போட நேரம் இருக்குதுங்களா?"

எதிர்வரிசை முழுக்கச் சிரித்தது. 'ப்ச்' கொட்டிய அம்மாவுக்குப் புரையே ஏறியது. நான் முதலில் முறைத்தேன், அப்புறம் எனக்கும் அடக்க முடியவில்லை. மார்ட்டின் சார், உங்களுக்காக நான் வாதாடாத சபை இல்லை. காங்கயத்தில் மட்டும் கேஸ் தோற்றுப்போச்சு, மன்னித்துவிடுங்கள்.

சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. தண்ணீருக்குக் கையை நீட்டினால் அந்த 200 மில்லி பாட்டில். யாருங்க இதைக் கண்டுபிடித்தது? மூடியைத் திருகினால் வளையத்தோடு சேர்ந்து சுற்றுகிறது, உடைய மாட்டேன் என்கிறது. சோற்றுக் கையால் பிடிக்க முடியாது, இடது கையால் திருக முடியாது, பல்லால் கடித்துத் திறந்தால் பாதித் தண்ணீர் சட்டையில். மிச்சம் ஒரே மடக்கு. இன்னொன்று கேட்டால், பரிமாறுகிற தம்பி நான் சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி பார்க்கிறான். முன்னெல்லாம் ஜக்கைத் தூக்கிக்கொண்டு பந்தி முழுக்க ஒருத்தர் நடந்துகொண்டே இருப்பாரே, டம்ளரில் ஊற்றி ஊற்றிக் கொடுப்பாரே, அவரை எதற்கய்யா நிறுத்தினீர்கள்? இலைக்கு இத்தனை ரூபாய் என்று வாங்குகிறீர்கள், ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற ஆள் போடக்கூடாதா?