துவர்ப்பைக் குறை என்று சொல்லாதீர்கள்

தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பிரான்சில், தூலூஸ் நகரத்தில் வேலை. போன மே மாதம் காவேரிப்பட்டினத்துக்கு வந்தவர் இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில் கொண்டுவந்தார். ஒன்று போர்தோ, இன்னொன்று பர்கண்டி; இரண்டும் பிரான்சில் ஒயின் விளையும் பகுதிகளின் பெயர். தோப்பு வீட்டில் பெரியப்பா மகனும் எங்களோடு உட்கார்ந்தார். போர்தோவை ஒரு வாய் குடித்ததும் முகம் சுளித்தார். "என்ன மாப்ள, கெட்டுப்போச்சா இது? வாயெல்லாம் தொவக்குது." பர்கண்டிக்கு அவர் சொன்னது வேறு: "இது தண்ணி கலந்த மாதிரி இருக்கு."

அண்ணன் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் இரண்டு தீர்ப்பும் தப்பு. அதிலும் முதல் தீர்ப்பைத் தமிழ் நாக்கு சொல்லக் கூடாது என்பது என் கருத்து. அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2003இல் டாஸ்மாக் சில்லறைக் கடைகளை எடுத்துக்கொண்ட பிறகும் நாம் ஒயின்ஷாப் என்றே சொல்கிறோம். அங்கே விற்பது பெரும்பாலும் பிராந்தியும் பீரும். ஒயின் என்று பலரும் குடித்திருப்பது தித்திப்பான போர்ட் ஒயின்தான். அதை வைத்து அளந்தால் சர்க்கரை முழுக்க நொதித்துப்போன ஒரு ஒயின் கெட்டுப்போனதாகத்தான் தெரியும். இனிப்பை எடுத்துவிட்ட பிறகு ஒரு பானத்தை நாக்கில் நிறுத்துவது எது என்பதுதான் கேள்வி.

இது எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த கேள்வி. பல வருஷமாக மாங்கூழ் தொழிற்சாலை ஆய்வகத்தில் இருக்கிறேன். சீசனில் காலையிலிருந்து ராத்திரிவரை பெங்களூராக் கூழைப் பிரிக்ஸ் (சர்க்கரை அளவு) பார்ப்பதும், புளிப்பு அளப்பதும், ருசி பார்ப்பதும்தான் வேலை. பிரிக்ஸ் நன்றாக ஏறி, புளிப்பு செத்துப்போன கூழை வாயில் வைத்தால் சர்க்கரைத் தண்ணியாக வழிந்து போய்விடும். பழம் நல்ல பழமாகத்தான் இருக்கும், கட்டு இருக்காது. உடம்பு கட்டாக இருக்கிறது என்கிறோமே, அந்தக் கட்டு. சிவப்பு ஒயினில் அந்தக் கட்டைக் கொடுப்பவை முக்கியமாக இரண்டு: துவர்ப்பும் புளிப்பும். போர்தோ முதலாவதை நம்பி நிற்கிறது. பர்கண்டி இரண்டாவதை நம்பி நிற்கிறது.

துவர்ப்புக்கு வருகிறேன். அறுசுவையில் அதற்குத் தனி இடம் கொடுத்தவர்கள் நாம். பாக்கு, நாகப்பழம், வாழைப்பூ, கடுக்காய், பிஞ்சு வாழைக்காய் என்று அதிலேயே எத்தனை தரம் பிரித்து வைத்திருக்கிறோம். ஒயின்காரர்கள் டானின் என்று சொல்வது இதைத்தான். திராட்சையின் தோலிலும் விதையிலும் காம்பிலும் அது இருக்கிறது. மாங்கொட்டையை உடைத்து உள்ளே இருக்கும் பருப்பைக் கடித்துப் பார்த்தவர்களுக்கு விதையின் துவர்ப்பு எப்படிப் பிடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எச்சிலில் இருக்கும் புரதத்தை டானின் பிடித்துக்கொள்கிறது. வழுவழுப்பு போய் நாக்கும் ஈறும் சொரசொரவென்று ஆகிவிடுகின்றன.

டானின் என்ற சொல்லே தோல் பதனிடும் தொழிலிலிருந்து வந்ததுதான். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையை இடித்துத் தோல் பதப்படுத்தினார்கள். நமக்குப் பக்கத்தில் வாணியம்பாடி, ஆம்பூரில் அந்த வேலையைக் கடுக்காயும் ஆவாரம்பட்டையும் செய்தன. விலங்குத் தோலின் புரதத்தை இறுக்கும் அதே குணம்தான் நம் வாயிலும் வேலை செய்கிறது. இதை மாப்பிள்ளையிடம் சொன்னபோது, "மச்சான், இத்தனை வருஷம் அங்கே இருந்தும் எனக்கு இது தோணல" என்றார்.

இப்போது பாட்டில்கள். போர்தோ நகரத்தை ஒட்டி ஓடும் கரோன் ஆறு, தோர்தோஞ் ஆற்றோடு சேர்ந்து ஜிரோந்து கழிமுகமாகிறது. அதன் இடது கரையில் இருக்கும் மெடோக்கிலிருந்து வந்தது எங்கள் பாட்டில். சரளைக்கல் மண், தண்ணீர் நிற்காது. அங்கே ராஜா கேபர்னே சோவிஞோன் திராட்சை. சின்ன மணி, தடித்த தோல், சதையோடு ஒப்பிட்டால் விதையும் தோலும் மற்றத் திராட்சைகளை விட அதிகம். அதனால்தான் அந்தக் கறுப்புச் சிவப்பும் துவர்ப்பும். தனியாக விட்டால் முரடு என்று மெர்லோ திராட்சையைக் கலந்து சதைப்பிடிப்பு ஏற்றுகிறார்கள். அதன்மேல் 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊறல். மணத்துக்குப் பிளாக்கரன்ட் என்று எழுதுகிறார்கள், நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பழத்தைக் கண்டதில்லை. எனக்குக் கிடைத்தது கறுத்துப் பழுத்த நாகப்பழமும், அப்போதுதான் சீவின பென்சிலும்.

பர்கண்டிச் சிவப்பு ஒயினில் பெரும்பாலும் கலப்பு கிடையாது. பினோ நுவார் திராட்சை ஒன்றுதான். மெல்லிய தோல், சாயமும் துவர்ப்பும் குறைவு. கண்ணாடி டம்ளரை விளக்குக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் விரல் தெரிகிறது. அண்ணன் தண்ணி கலந்தது என்றது இந்த நிறத்தைப் பார்த்துத்தான். ஆனால் அது நீர்த்த ஒயின் இல்லை. சுண்ணாம்புக்கல் மண், குளிர்ந்த ஊர், புளிப்பு இறங்காமல் பழுத்த பழம். வாயில் வைத்ததும் பழுத்த களாப்பழம் மாதிரி ஒரு சுண்டுதல், பக்கவாட்டில் எச்சில் ஊறுகிறது. அதன் பின்னால் ஓசூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தைக் கடக்கும்போது வருகிற வாசனை. விழுங்கிய பிறகும் ரொம்ப நேரம் அது போகவில்லை. ஒன்று வாயை வறள வைக்கிறது, இன்னொன்று ஊற வைக்கிறது. இரண்டு ஒயினுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிட நேராக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் ஒரு தப்பு செய்தோம். 'ரூம் டெம்பரேச்சர்' என்று எங்கோ படித்ததை நம்பி, மே மாத வெக்கையில் பாட்டிலை மேஜை மேலேயே வைத்திருந்தோம். அது ஐரோப்பிய வீட்டு அறையின் கணக்கு, பதினாறு பதினெட்டு டிகிரி. நம் வெயிலில் ஆல்கஹால் காட்டமாக எழுந்து பழத்தை அமுக்கிவிடுகிறது. பிரிட்ஜில் வைத்து, குடிப்பதற்கு அரை மணிநேரம் முன்னால் வெளியே எடுத்தால் போதும்.

சாப்பாட்டோடு வைத்தபோது கணக்கு மாறியது. அம்மா வைத்த காரமான ஆட்டுக்கறிக் குழம்போடு போர்தோ ஒத்துவரவில்லை. மிளகாய் எரிச்சலும் துவர்ப்பும் ஒன்றையொன்று ஏற்றிவிட்டன. அங்கே பர்கண்டிதான் ஜெயித்தது. மிளகாய் போடாமல் உப்பு மட்டும் தடவிச் சுட்ட நெஞ்செலும்புக் கறிக்கு வந்ததும் போர்தோ எழுந்து நின்றது. டானின் எச்சிலை விட்டுவிட்டுக் கறியின் புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. டீயில் பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்குகிறதே, அதே வேலை. அப்போது அண்ணனிடம் அதே டம்ளரை மறுபடி நீட்டினேன். எதுவும் பேசாமல் காலி செய்தார்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பர்கண்டியைத்தான் எடுப்பேன். ஆனால் எனக்கு மரியாதை போர்தோ மேல். மூடி வைத்திருந்த மிச்சத்தை மறுநாள் சாயங்காலம் ஊற்றிப் பார்த்தேன். காற்றுப் பட்டதில் முதல்நாள் முரடு தளர்ந்து, நாகப்பழம் முன்னுக்கு வந்திருந்தது. நல்ல மெடோக்கில் வருஷக்கணக்கில் டானின்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கனமாகிப் பாட்டில் அடியில் வண்டலாகப் படியும், துவர்ப்பு மெத்தென்றாகும். அடுத்த முறை வரும்போது பதினைந்து வருஷம் கிடந்த போர்தோ ஒன்று கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.