ஜீன் பெஸ்ஸும் இரண்டு வருடப் பையன்களும்

1,300 வெற்றி, 416 தோல்வி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரே ஒரு பயிற்சியாளரின் கணக்கு இது. பெயர் ஜீன் பெஸ். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏயின் ஆட்டம் ஒன்றுகூட விடாமல் பார்க்கிற என் நண்பர்களிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் மைக் ஷஷெஃப்ஸ்கி என்றால் எல்லாருக்கும் தெரிகிறது. அவர் 2022இல் ஓய்வு பெறும்போது கையில் இருந்தது 1,202 வெற்றி.

மிசௌரி மாநிலத்தின் தென்கிழக்கில் பாப்லர் பிளஃப் என்று ஓர் ஊர். சுமார் 16,000 பேர். 1966இல் தொடங்கிய த்ரீ ரிவர்ஸ் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஜூனியர் காலேஜ், அதாவது படிப்பு இரண்டே வருடம். அதற்கு மேல் பட்டம் வேண்டுமென்றால் வேறு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேர வேண்டும். 1970இல் அந்தக் கல்லூரி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான பெஸ், 2020 வரை அங்கேயே இருந்தார். ஐம்பது சீசன். சராசரி போட்டால் வருடத்துக்கு 26 வெற்றி.

ஐம்பது வருடம் என்று நாம் வியந்துவிட்டுப் போய்விடுகிறோம். என்னை உலுக்கியது அந்த இரண்டு வருடம்தான். நான்கு வருடப் பல்கலைக்கழகத்தில் ஒரு பையன் முதல் வருடம் தடுமாறுவான், இரண்டாம் வருடம் பழகுவான், மூன்றாம் வருடம் அணியைத் தாங்குவான். பெஸ்ஸிடம் பழகி முடிக்கும்போது அவன் பெட்டி கட்டிக்கொண்டிருப்பான். ஆகஸ்டில் மறுபடி பாதிப் பேர் புதுமுகம். எதிரணியைத் தடுக்கும்போது எங்கே நிற்க வேண்டும், யார் கூப்பிட்டால் திரும்ப வேண்டும், எல்லாம் முதலிலிருந்து. இதை ஐம்பது முறை செய்திருக்கிறார்.

வருகிற பையன்களும் சாதாரண நிலையில் வருவதில்லை. யார் கண்ணிலும் படாதவர்கள், தாமதமாக வளர்ந்தவர்கள், மதிப்பெண் போதாதவர்கள். 1986 முதல், பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது: பள்ளிப் பாடங்களிலும் நுழைவுத் தேர்விலும் குறைந்தபட்ச மதிப்பெண் இல்லாதவர்கள் பெரிய பல்கலைக்கழகங்களில் முதல் வருடம் ஆட முடியாது. அதில் மாட்டிய பலருக்கு ஜூனியர் காலேஜ்தான் மிச்சமிருந்த கதவு. சரி, அந்தக் கதவுக்குள் வந்த ஒவ்வொருவனுக்கும் என்ன வேண்டும்? சீக்கிரம் வெளியே போக வேண்டும். பெரிய பல்கலைக்கழகத்துக் கோச் பார்க்கும்படி பாயிண்ட் எடுக்க வேண்டும். பந்தோ ஒன்றுதான்.

இது எப்படி இருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். பன்னிரண்டாவது படிக்கும்போது மாவட்ட அணிக்குத் தேர்வு ஆட்டம். சிமெண்ட் தரை, மதிய வெயில், ஓரத்தில் பெஞ்சு போட்டு நோட்டோடு மூன்று பேர். கூடைக்குக் கீழே எங்கள் பையன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான், பக்கத்தில் தடுக்க ஆளே இல்லை. பார்த்தேன். கொடுக்கவில்லை. நானே போட்டேன், பந்து வளையத்தில் அடித்து வெளியே போனது. அவன் கையை மெதுவாக இறக்கியது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு மதிய நேரத் தேர்வு என்னை அப்படி ஆக்கியது. பெஸ்ஸின் பையன்களுக்கு இரண்டு வருடமும் எல்லா ஆட்டமும் தேர்வு ஆட்டம்தான். அவர்களைப் பாஸ் கொடுக்க வைத்துத்தான் அவர் நான்கில் மூன்று ஆட்டம் ஜெயித்தார்.

ஜூனியர் காலேஜ்களின் தேசியப் போட்டி கன்சாஸ் மாநிலத்து ஹட்ச்சின்சன் நகரில் நடக்கும். பெஸ் அந்தப் பட்டத்தை இரண்டு முறை வென்றார், 1979இலும் 1992இலும். 1992இல் ஜெயித்த பையன்கள், முதல் பட்டத்தின்போது ஒன்றாவதோ இரண்டாவதோ படித்திருப்பார்கள்.

பெஸ் பேச்சு வந்தாலே அவரிடம் ஆடிய லாட்ரெல் ஸ்ப்ரீவெல் பேச்சும் வந்துவிடும். மில்வாக்கிக்காரர், பள்ளி அணியில் ஆடியதே கடைசி ஒரு வருடம்தான். 1988 முதல் 1990 வரை பெஸ்ஸிடம் இருந்தார். அப்புறம் அலபாமா பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம், 1992இல் புது ஆட்டக்காரர்களை என்பிஏ அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது கோல்டன் ஸ்டேட் அணி அவரை 24ஆவதாக எடுத்தது, பிறகு என்பிஏயின் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்ஸ்டார் ஆட்டத்துக்கு நான்கு முறை தேர்வானார். 1997இல் தன் கோச்சின் கழுத்தைப் பிடித்துத் தடை வாங்கியதும் அதே ஸ்ப்ரீவெல்தான். அந்தப் பழியை பெஸ் மேல் போட மாட்டேன், ஆல்ஸ்டார் பெருமையை முழுசாக அவருக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஒரே வருடம் பள்ளி அணியில் ஆடிய பையன் அலபாமாவுக்குள் நுழைகிற அளவுக்கு வளர்ந்தது பாப்லர் பிளஃப்பில். அது போதும். அங்கிருந்து போனவர்களில் பெரும்பாலானவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. எனக்கு அவர்கள்தான் முக்கியம்.

"ஜூனியர் காலேஜ் வெற்றியும் டியூக் வெற்றியும் ஒன்றா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்றில்லை, ஒத்துக்கொள்கிறேன். எதிரே நிற்கும் அணிகளின் தரம் வேறு. ஆனால் ஷஷெஃப்ஸ்கி நாட்டின் சிறந்த பையன்களைக் கூப்பிட்டார், அவர்களும் வந்தார்கள். பெஸ்ஸுக்கு அந்த வசதி என்றைக்குமே இருந்ததில்லை. இரண்டு வேலையும் கஷ்டம்தான். ஒன்றை மட்டும் உலகம் பார்த்தது, என் வருத்தம் அதுதான்.

2015 ஜனவரியில் ஷஷெஃப்ஸ்கி ஆயிரமாவது வெற்றியைத் தொட்டபோது உலகம் முழுக்கச் செய்தி. அதற்குப் பல வருடம் முன்பே, எந்த நிலைக் கல்லூரியானாலும் சரி, ஆயிரத்தை முதலில் தொட்டவர் பெஸ்.

2023 ஆகஸ்டில்தான், கூடைப்பந்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் நெய்ஸ்மித் ஹால் ஆஃப் ஃபேமில் பெஸ்ஸுக்கு இடம் கிடைத்தது. என்பிஏ நட்சத்திரங்கள் டர்க் நொவிட்ஸ்கி, டுவைன் வேட், பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் எல்லாரும் அதே வருடப் பட்டியலில் இருந்தார்கள். ஷஷெஃப்ஸ்கி 2001லேயே உள்ளே போய்விட்டார், அதற்குப் பிறகும் இருபத்தொரு வருடம் பயிற்சி கொடுத்தார். பெஸ்ஸின் முறை வந்தபோது அவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது.