வேப்பிலையும் ஒன்பது மாத ஊசியும்

"பெரியம்மா, பிள்ளைக்கு ஒன்பது மாச ஊசியைப் போடாம விடுவம் எண்டு யோசிக்கிறம்."

தங்கச்சியின் மகள் இதைச் சொன்னபோது நான் கல்முனைக்குப் பக்கத்தில் பாண்டிருப்பில் அவளுடைய வீட்டு விறாந்தையில் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பேத்திக்குக் கீழே இரண்டு பல் முளைத்திருக்கிறது. என் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்குவதிலேயே குறியாக இருந்தாள். ஏன் என்று கேட்டேன். மகள் போனை எடுத்து ஒரு வொய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினாள்.

மருமகன் கட்டாரில் வேலை செய்கிறார். அங்குள்ள பெடியன்களின் வட்சப் குழுவில் வந்ததாம். பேசுகிறவர் நம் பக்கத்து ஆள் இல்லை, பேச்சிலேயே தெரிகிறது. நல்ல கம்பீரமான குரல். ஒன்பது மாதத்தில் போடுகிற ஊசி எம்.எம்.ஆர்., சின்னமுத்து (தட்டம்மை), கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றையும் தடுப்பது. அதைப் போட்டால் ஓட்டிசம் வருமாம். சின்னமுத்து என்பது நோயே இல்லை, அம்மாள். வந்து போனால் உடம்பில் உள்ள சூடு தணியுமாம். நம் முன்னோர்கள் ஊசி போட்டா வளர்ந்தார்கள்? கடைசியில், உங்களுக்குப் பிள்ளைகள் மேல் பாசம் இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

எனக்கு வந்த கோபத்தில் கத்திவிட்டேன். அவள் தலையைக் குனிந்து "சரி பெரியம்மா" என்றாள். இருபத்தெட்டு வருடம் வகுப்பறையில் நின்றவளுக்கு அந்தச் "சரி" என்னவென்று தெரியாதா? வாய் ஒத்துக்கொள்ளும், மனம் ஒரு அங்குலமும் அசைந்திருக்காது. கத்தியது என் பிழை. அவளிடம் ஆறுதலாகச் சொல்லியிருக்கவேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அந்த முன்னோர்கள் கதை. நான் தமிழ் படிப்பித்தவள். ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் "குக்கல்" என்றால் என்ன என்று கேட்டேன். ஒரு பெடியன் எழும்பி, "குக்கரா டீச்சர்?" என்றான். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். தொண்டைக்கரப்பன் தெரியுமா? ஒருவருக்கும் தெரியாது. ஏற்புவலி? ஒரு பிள்ளை மட்டும், அம்மம்மா ஏசும்போது சொல்லுவா என்றது. குக்கல் கக்குவான் இருமல், தொண்டைக்கரப்பன் டிப்தீரியா, ஏற்புவலி டெட்டனஸ். என் அம்மம்மாவுக்கு இந்த மூன்று சொல்லும் அரிசி, பருப்பு மாதிரி. அவ பெற்றது ஒன்பது, வளர்ந்தது ஆறு. போன மூன்றில் ஒன்று குக்கலில் போனது. இருமி இருமி மூச்சை இழுக்கும்போது வருகிற சத்தத்தை அவ எங்களுக்குச் செய்து காட்டுவா. முன்னோர்கள் ஊசி போடாமல்தான் வளர்ந்தார்கள், உண்மை. வளர்ந்தவர்கள்தானே முன்னோர்கள் ஆனார்கள். மற்ற மூன்று பேரும் யாருக்கும் முன்னோர் ஆகவில்லை. 1978இல் நாட்டில் தடுப்பூசித் திட்டம் ஒழுங்காகத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்குள் நோய் கிட்டத்தட்டப் போய், நோயின் பெயரும் அகராதிக்குள் போய்விட்டது. ஒரு சொல் செத்துப்போனதற்குத் தமிழ் டீச்சர் ஒருத்தி சந்தோசப்படுகிற இடம் இது ஒன்றுதான்.

அடுத்தது ஓட்டிசம். 1998இல் இங்கிலாந்தில் அன்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற வைத்தியர் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். மொத்தம் 12 பிள்ளைகளைப் பார்த்து எழுதியது. உலகம் முழுக்கப் பயம் பரவியது. அந்தப் பிள்ளைகளின் விபரங்களையே திரித்திருந்தார்கள் என்று பின்னால் வெளிவந்தது. 2010இல் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதே வருடம் அவருடைய பெயரையும் வைத்தியர் பதிவிலிருந்து நீக்கினார்கள். டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளை வருடக்கணக்காகப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். ஊசி போட்ட பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் ஓட்டிசத்தில் வித்தியாசமே இல்லை.

ஆனால் இந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன். மகளின் பக்கத்து வீட்டில் ஒரு பிள்ளை இருக்கிறது, மூன்று வயதாகியும் பேச்சு இல்லை. "ஊசிக்குப் பிறகுதான் இப்பிடி" என்று அந்தத் தாய் சொல்லிச் சொல்லி அழுகிறாள். பிள்ளை பெயர் சொன்னால் திரும்புவதில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்று தாய் கவனிக்கத் தொடங்குவது ஒரு வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில்தான். கிளினிக் கொப்பியில் ஊசிகள் அடுத்தடுத்து வருவதும் அந்த வயதில்தான். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஒரு தாயின் மனம் முடிச்சுப் போடத்தான் செய்யும். அப்படியான பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பேச்சுப் பயிற்சியும் பொறுமையான ஒரு டீச்சரும். காரணம் தேடி ஊசியைச் சபிக்கிற நேரத்தில் அந்த இரண்டும் தள்ளிப்போகிறது.

இனி அம்மாள். வொய்ஸ் நோட்டில் என்னை உண்மையாகவே சுட்டது இந்தப் பகுதிதான்.

நான் வைகாசியில் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்து, கோயில் கதவு திறந்த நாள் தொடக்கம் சடங்கு முடிகிற குளிர்த்தி வரை மச்சம் தொடாமல் இருக்கிறவள். எனக்கு ஒருவர் வந்து அம்மாளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்! நம் பக்கத்தில் ஒரு வீட்டில் அம்மாள் வருத்தம் என்றால் என்ன செய்வார்கள்? வாசலில் வேப்பிலை செருகுவார்கள். வீட்டில் தாளிக்கமாட்டார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் வெளியே விளையாட வரமாட்டார்கள், கலியாண வீட்டுக்குப் போகமாட்டார்கள். தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் அப்படித்தான். வேப்பிலை யாருக்கு? உள்ளே படுத்திருக்கிற பிள்ளைக்கு மட்டும் இல்லை, தெருவில் போகிறவனுக்கும்தான். இந்த வீட்டில் வருத்தம் இருக்கிறது, உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளே வராதே என்று ஊருக்குப் போடுகிற அறிவித்தல் அது. நோய் வந்தால் அது ஊர்க்காரியம் என்று நினைத்தவர்களின் பழக்கம். "என்ர பிள்ளை, என்ர விருப்பம்" என்று அம்மம்மா காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் ஊரே சேர்ந்து ஏசியிருக்கும். இப்போது அதே பாரம்பரியத்தின் பெயரைச் சொல்லித்தான் தனி விருப்பம் பேசுகிறார்கள். அம்மாள் வருத்தங்களில் பெரியதான வைசூரி (பெரியம்மை) உலகத்தை விட்டே போய்விட்டது என்று 1980இல் அறிவித்தார்கள். அம்மன் கோபிக்கவில்லை. குளிர்த்தி இன்றைக்கும் நடக்கிறது.

சின்னமுத்து வந்த ஒருவர் ஓர் அறையில் இருந்துவிட்டுப் போனால் கிருமி இரண்டு மணித்தியாலம் வரை அங்கே காற்றில் நிற்கும். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகிற ஒரு பிரைவேட் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். தடுப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கியிருந்தால் ஒன்பது பேருக்குத் தொற்றும். உடம்பில் சிவப்புத் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாளுக்கு முன்பே பரவத் தொடங்கிவிடுவதால், வேப்பிலை செருகும்போது காரியம் ஏற்கெனவே கைமீறியிருக்கும். நூற்றுக்கு 95 பேருக்காவது தடுப்பு இருந்தால்தான் ஊருக்குள் பரவாது. நியூமோனியா வரும், சிலருக்கு மூளை வீங்கும். உடம்பு இதற்கு முன் மற்றக் கிருமிகளோடு சண்டை பிடித்துக் கற்றுவைத்த பாடங்களையும் இது அழித்துவிட்டுப் போகும். சூடு தணிகிறதாம்!

இங்கேதான் பேத்தியின் வயது முக்கியம். தாயிடமிருந்து வந்த தடுப்புச் சக்தி பிறந்ததிலிருந்தே குறைந்துகொண்டு வந்து, ஆறு மாதமளவில் பெரும்பாலும் போய்விடும். ஊசி ஒன்பதாம் மாதத்தில். இடையில் உள்ள அந்த மூன்று மாதமும் பிள்ளைக்குச் சுற்றியிருக்கிற நாங்கள்தான் வேலி. இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று 2019 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நாங்கள் பெருமைப்பட்டோம். 2023இல் அது திரும்பி வந்தது. 2024 ஜனவரி 6, ஒரு சனிக்கிழமை, ஒன்பது இடங்களைத் தெரிவுசெய்து ஆறு மாதம் தொடக்கம் ஒன்பது மாதம் வரையான குழந்தைகளுக்கு மேலதிகமாக ஓர் ஊசி போட்டார்கள். கொழும்பு, கம்பஹா, யாழ்ப்பாணம் என்று போன அந்தப் பட்டியலில் கல்முனையும் இருந்தது. மகள் கலியாணம் முடித்துப் போன அதே கல்முனைப் பகுதி. கட்டாரில் இருக்கிற ஒருவருக்குக் குரல் அனுப்புகிறவருக்கு இது தெரியவேண்டிய அவசியம் இல்லை. எங்களுக்குத் தெரியவேண்டும்.

இப்போது மற்றப் பக்கம். நான் சுகாதாரத் துறைக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. ஐந்து நோய்க்கான பென்டா ஊசியை 2008 தொடக்கத்தில் கொண்டுவந்தார்கள், சில குழந்தைகள் இறந்ததும் அதே வருடமே நிறுத்தினார்கள். 2009இல் மாத்தறையில் ருபெல்லா ஊசி போட்ட பாடசாலை மாணவி ஒருத்தி இறந்தாள். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெடித்து, முன்னாள் சுகாதார அமைச்சரே அடுத்த வருடம் கைதானார். இதையெல்லாம் பார்த்த சனம் சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

என்னோடு படிப்பித்த ஒரு முஸ்லிம் டீச்சர் ஒருநாள் சொன்னதை மறக்கமுடியாது. கொவிட் காலத்தில், அந்த நோயில் இறந்த முஸ்லிம்களின் ஜனாஸாக்களையும் (உடல்களையும்) கட்டாயமாக எரித்தார்கள். அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021இல்தான் விட்டுக்கொடுத்து, எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் இடம் ஒதுக்கினார்கள். நாட்டின் எந்த மூலையில் மவுத்தானாலும் அங்கே கொண்டுவரவேண்டியிருந்தது. 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது. "மையித்தை எரிக்கச் சொன்னதும் அவங்கதான், பிள்ளைக்கு ஊசி போடச் சொல்றதும் அவங்கதான். நான் ஊசியைப் போட்டுட்டன். ஆனா போடாதவங்களை உங்களைப் போல என்னால ஏச ஏலாது" என்றா. எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை.

ஒன்று மட்டும் சொல்லலாம். 2008இல் ஊசியை நிறுத்தினார்கள், நிபுணர்கள் வந்து ஒவ்வொரு மரணமாக ஆராய்ந்தார்கள், ஊசிதான் காரணம் என்று காட்ட ஒன்றும் கிடைக்காததால் 2010இல் மீண்டும் தொடங்கினார்கள். இந்த விசயத்தை மூடி மறைக்கவில்லை.

சமோவாவில் நடந்ததைப் படித்தபோது எனக்கு நித்திரை வரவில்லை. பசிபிக் கடலில் இரண்டு இலட்சம் பேர் வாழ்கிற தீவு நாடு அது. 2018இல் இரண்டு தாதிமார், ஊசித் தூளைத் தண்ணீரில் கரைப்பதற்குப் பதிலாகத் தசையைத் தளர்த்துகிற மருந்தில் கரைத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. மனிதப் பிழை, பயங்கரமான பிழை. அரசாங்கம் மாதக்கணக்கில் ஊசியை நிறுத்தியது. முகநூலில் வேண்டாம் வேண்டாம் என்று ஒரே சத்தம். அடுத்த வருடம் சின்னமுத்து வந்தது. 83 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். டிசம்பரில் இரண்டு நாள் நாட்டையே மூடி, ஊசி போடாதவர்கள் இருக்கிற வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள். அந்தத் துணியைப் பார்த்து ஊசிக்காரர் வீட்டுக்கே வந்தார்கள். எனக்கு எங்கள் வேப்பிலைதான் ஞாபகம் வந்தது.

எங்களுக்கும் அப்படி நாட்கள் இருந்தன. 1995க்குப் பிறகு, யுத்தத்துக்கு நடுவில், போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நாளில் இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். நான் அப்போது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் புது டீச்சர். சனம் தோணியிலும் வள்ளத்திலும் ஆற்றைக் கடந்து வரும். நேற்று ஷெல் விழுந்த பாதையால் இன்று தாய்மார் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்து வந்தார்கள். வாயில் இரண்டு சொட்டு. விரலில் மை. இந்த நாட்டில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அதற்குப் பிறகு ஒருவரும் இல்லை. இரண்டு பக்கத்தையும் நம்பாத சனம் அந்தச் சொட்டை நம்பியது. ஏனென்றால் கொடுத்தது அவர்களுக்குத் தெரிந்த மிட்வைஃப்.

மகளையும் மாற்றியது நான் இல்லை, அவர்களின் ஊர் மிட்வைஃப்தான். ஸ்கூட்டியில் வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த வொய்ஸ் நோட்டை முழுக்கக் கேட்டா. நான் பாதியில் நிறுத்தச் சொன்னவள். அவ இரண்டாம் தரமும் போடச் சொன்னா. பிறகு, "உனக்கு இதில எது பயம் புள்ள?" என்று கேட்டா. மகள் சொன்னது ஓட்டிசமும் இல்லை, அம்மாளும் இல்லை. நான்காம் மாத ஊசிக்குப் பிள்ளை இரவிரவாகக் கத்தியதாம், தான் தனியே இருந்து பயந்துபோனதாம். அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மிட்வைஃப் பரசிட்டமோல் அளவைக் கொப்பியில் எழுதிக்கொடுத்து, இந்த ஊசிக்கு அன்றைக்குக் காய்ச்சல் வராது, வந்தால் ஒரு கிழமைக்குப் பிறகு வரும், பயப்படாதே, எனக்கு எடு என்று தன் நம்பரையும் கொடுத்தா.

புதன்கிழமை கிளினிக்குக்கு நானும் போனேன். பேத்தி ஒரு நிமிடம் கத்தினாள், பிறகு மிஸ்ஸின் மணிக்கூட்டைப் பிடுங்கப் பார்த்தாள். எட்டாம் நாள் காய்ச்சல் வந்தது. இரவு பதினொரு மணிக்குக் கட்டாரிலிருந்து மருமகன் எனக்கு எடுத்து, "பாத்தீங்களா மாமி?" என்றார். மிட்வைஃப் முன்பே சொன்னது இது தம்பி, கொப்பியில் எழுதியிருக்கு, மகளிடம் கேளுங்கோ என்றேன். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு பரசிட்டமோல் எத்தனை மில்லி என்று கேட்டார்.

பத்தாம் நாள் காய்ச்சல் விட்டுவிட்டது. மருமகன் இன்னும் அந்தக் குழுவில்தான் இருக்கிறார். பேத்திக்கு இரண்டாவது எம்.எம்.ஆர். மூன்று வயதில்.