தகரச் சுவர்க் கணக்கு

(1950 அக்டோபர் 18, மாலை. ஃபிலடெல்ஃபியா, வடக்கு 20ஆம் தெரு. ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகள். தெருவுக்கு அந்தப் பக்கம் ஷைப் பார்க் பேஸ்பால் மைதானத்தின் சுவர், அதன் மேல் அதைவிட உயரமாக நிற்கும் நெளி தகரம். ஒரு வீட்டின் வாசற்படியில் இரண்டு பேர். வீட்டுக்காரர் ஒரு காலத்தில் மொட்டை மாடியில் பெஞ்சு போட்டு, காசு வாங்கி, ஆட்டம் பார்க்க ஆள் ஏற்றியவர். மற்றவர் மைதான வாசலில் வேர்க்கடலை விற்பவர். இரண்டு பேருக்கும் ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். இரண்டு பேருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.)

கடலைக்காரர்: சேதி தெரியுமா? மிஸ்டர் மேக் விலகிவிட்டார்.

வீட்டுக்காரர்: யார் விலக்கியது?

கடலைக்காரர்: யாரும் விலக்கவில்லை. அவராகவே விலகினார்.

வீட்டுக்காரர்: அதானே பார்த்தேன். அவரை வேலையை விட்டு எடுக்க வேண்டுமானால் முதலாளி கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். அத்லெடிக்ஸ் அணிக்கு மேனேஜரும் கானி மேக், முதலாளியும் கானி மேக். கண்ணாடி முன்னால் நின்றுதான் சீட்டைக் கிழிக்க முடியும். இரண்டு பேருக்கும் கடைசிவரை சண்டையே வரவில்லை பார்.

கடலைக்காரர்: ஐம்பது வருஷமய்யா! 1901இல் இந்த அணி பிறந்த நாளிலிருந்து அவர் ஒருத்தர்தான். அதற்கு முன்னால் பிட்ஸ்பர்க்கில் மூன்று வருஷம். மொத்தம் 3,731 வெற்றி. உலகத்தில் வேறு எவனுக்கும் கிடையாது.

வீட்டுக்காரர்: தோல்வி?

கடலைக்காரர்: (கடலையை ஊதி ஊதித் தோல் நீக்குகிறார்.)

வீட்டுக்காரர்: உன்னைத்தான் கேட்கிறேன். தோல்வி எத்தனை?

கடலைக்காரர்: 3,948.

வீட்டுக்காரர்: அதுவும் வேறு எவனுக்கும் கிடையாது. நீ ஐம்பது வருஷம் கடலை விற்று, அதில் நல்லதைவிடச் சொத்தை அதிகம் என்றால் உன் படத்தைப் பத்திரிகையில் போடுவார்களா?

கடலைக்காரர்: ஐம்பது வருஷம் என் கடைக்கு ஆள் வந்தால் போடத்தான் வேண்டும். ஒன்பது தடவை லீக் பட்டம். அதற்கு மேலே, இரண்டு லீக் பட்டக்காரர்களும் மோதுகிற வேர்ல்ட் சீரிஸ், ஐந்து தடவை. 1910, 1911, 1913, 1929, 1930. எனக்கு மனப்பாடம்.

வீட்டுக்காரர்: கடைசி இடம் பதினேழு தடவை. அது எனக்கு மனப்பாடம்.

கடலைக்காரர்: அந்தத் தகரத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறாய்.

வீட்டுக்காரர்: மனதில் எங்கே வைப்பது? கண் முன்னால் அல்லவா வைத்திருக்கிறார்! சுவர் பன்னிரண்டு அடி. நியாயமான சுவர். நானும் குடும்பமும் மாடியில் உட்கார்ந்தால் மைதானம் முழுக்கத் தாம்பாளத்தில் வைத்த மாதிரி தெரியும். பேப் ரூத் வந்தால் பந்து தெருவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து விழும். நாலு பேர் பார்க்க வந்தார்கள், நாலு காசு வாங்கினேன். கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டில் தோற்றார்...

கடலைக்காரர்: அந்தத் தோல்வி 3,948இல் சேராது.

வீட்டுக்காரர்: சேர்த்திருக்க வேண்டும். தோற்ற மனுஷன் சும்மா இருந்தாரா? 1935இல் மேலே இன்னும் இருபத்திரண்டு அடி தகரம். என் மனைவி துணி காயப்போட்டால் மத்தியானத்துக்குப் பிறகு வெயில் வராது. ஊரே அதற்கு 'வயிற்றெரிச்சல் வேலி' என்று பேர் வைத்தது.

கடலைக்காரர்: உள்ளே டிக்கெட் விற்றால்தானே ஆட்டக்காரனுக்குச் சம்பளம் தர முடியும்? நீ மாடியில் விற்ற ஒவ்வொரு இடமும் அங்கே ஒரு காலி நாற்காலி.

வீட்டுக்காரர்: 1935இல் அங்கே நாற்காலிக்கா பஞ்சம்? ஆட்கள்தான் இல்லை. நல்ல ஆட்டக்காரன் அத்தனை பேரையும் விற்றுத் தீர்த்த பிறகு சுவர் எழுப்புகிறார்! திருடன் வந்து போன வீட்டுக்குப் பூட்டு வாங்குகிற மாதிரி. இதில் திருடனும் அவரே.

(கடலைக்காரர் இதற்குச் சிரித்துவிடுகிறார். பிறகு சிரித்ததற்காக வருத்தப்படுகிறார்.)

கடலைக்காரர்: ஏன் விற்றார் என்று யோசித்தாயா? 1914இல் ஃபெடரல் லீக் என்று ஒன்று புதிதாகக் கிளம்பி ஆட்டக்காரர்களுக்குப் பணத்தை வீசியது. இவரால் ஈடு கொடுக்க முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து வேர்ல்ட் சீரிஸில் பாஸ்டனிடம் நாலுக்கு நாலும் தோல்வி. நட்சத்திர ஆட்டக்காரன் எட்டி காலின்ஸை ஐம்பதாயிரம் டாலருக்கு விற்றார்.

வீட்டுக்காரர்: 1916இல் 36 வெற்றி, 117 தோல்வி. அந்த வருஷம் நான் மாடிக்கு ஆள் பிடிக்கத் தெருவில் நின்று கூவியிருக்கிறேன். "இலவசம், ஏறி வாருங்கள்" என்றேன். "ஏறினால் எவ்வளவு தருவாய்" என்று கேட்டான் ஒருத்தன்.

கடலைக்காரர்: அப்புறம் திரும்பக் கட்டினாரே! ஒண்ணுமில்லாமல் ஆக்கிய அணியை மறுபடியும் முதலிலிருந்து. ஜிம்மி ஃபாக்ஸ், லெஃப்டி குரோவ், மிக்கி காக்ரேன், அல் சிம்மன்ஸ். நாலு பேரையும் ஒரே கூட்டில் வளர்த்த மனுஷன் வேறு யார்?

வீட்டுக்காரர்: வளர்த்தார். நாலு பேரையும் 1932க்கும் 1935க்கும் நடுவில் விற்றார். ஒரு தடவை வீட்டைக் கொளுத்தினால் விபத்து என்று விடலாம்.

கடலைக்காரர்: நாடே பட்டினி கிடந்த காலமய்யா அது. பாங்குக்கடன் வேறு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் வைத்தால் கூட்டம் வரும், ஆனால் பென்சில்வேனியாவில் 1794இல் போட்ட சட்டம் ஞாயிறு ஆடக் கூடாது என்றது. அதை மாற்றி 1934இல்தான் ஆட விட்டார்கள். அதற்குள் சிம்மன்ஸும் இல்லை, குரோவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தது, பார்க்க ஆட்டக்காரன் இல்லை.

வீட்டுக்காரர்: சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். சட்டத்துக்கு அவர் என்ன செய்வார். (பையிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்து, ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கிறார்.)

கடலைக்காரர்: என்ன நோட்டு அது?

வீட்டுக்காரர்: அவர் எனக்குத் தர வேண்டிய பாக்கி.

கடலைக்காரர்: (எட்டிப் பார்த்து) 1929 அக்டோபர் 12 என்று போட்டிருக்கிறாய். அன்றைக்குத் தகரமே கிடையாதே! ஊர் பூராவும் கொண்டாடிய நாள்.

வீட்டுக்காரர்: ஊருக்குக் கொண்டாட்டம். வேர்ல்ட் சீரிஸ் நாலாவது ஆட்டம், சிகாகோ கப்ஸோடு. மாடி நிறைந்து, ஏணியில்கூட ஆள். ஏழாவது இன்னிங்ஸ் வரை நமக்குப் பூஜ்யம், அவர்களுக்கு எட்டு. மாடியில் முணுமுணுப்பு. ஒருத்தன் "பணத்தைத் திருப்பிக் கொடு" என்றான். நான் மானஸ்தன். போகிறவர்களுக்குப் பாதிக் காசு என்று சொல்லி, வாசலில் நின்று எண்ணி எண்ணிக் கொடுத்தேன். கடைசி ஆள் தெருமுனை திரும்பவில்லை, மைதானம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம்.

கடலைக்காரர்: சிம்மன்ஸ் ஹோம் ரன்!

வீட்டுக்காரர்: நான் படியேறுவதற்குள் இன்னும் மூன்று பேர் ஓடி ரன் எடுத்துவிட்டார்கள். அப்புறம் மியூல் ஹாஸ் அடித்த பந்து வெயிலில் கப்ஸ் ஃபீல்டர் ஹேக் வில்சனின் கண்ணுக்குத் தெரியாமல் போய்... ஒரே இன்னிங்ஸில் பத்து ரன்! 10-8, நாம் ஜெயித்தோம். போனவன் எல்லாம் திரும்பி ஓடி வருகிறான், பாதிக் காசோடு! மறுபடி ஏற்றிவிடு என்கிறான்!

கடலைக்காரர்: இதற்கு மிஸ்டர் மேக் என்ன பாக்கி தர வேண்டும்?

வீட்டுக்காரர்: பத்து ரன் எடுப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா?

கடலைக்காரர்: அவர் எதையும் முன்னால் சொல்ல மாட்டார். அதே சீரிஸில் முதல் ஆட்டத்துக்கு யாரைப் பந்து வீச அனுப்பினார்? குரோவ் இருக்கிறார், எர்ன்ஷா இருக்கிறார். இவர் ஹோவர்ட் எம்கேவை அனுப்பினார். முப்பத்தைந்து வயது, அந்த வருஷம் அவ்வளவாக வீசியதே இல்லை. கடைசி வாரங்களில் அவரைத் தனியாக அனுப்பி, கப்ஸ் ஆடுவதை உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். பதின்மூன்று பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார் அந்த மனுஷன்!

வீட்டுக்காரர்: அது சரியான வேலைதான். (நோட்டில் எதையும் அடிக்கவில்லை.)

கடலைக்காரர்: ஜூலை வெயிலில் எல்லா மேனேஜரும் யூனிஃபார்ம் போட்டு வேர்த்து விறுவிறுத்து நிற்பார்கள். இவர் கோட்டு, டை, விறைப்பான காலர், தொப்பி. கையில் ஸ்கோர்கார்டை மடித்து வைத்துக்கொண்டு லேசாக அசைப்பார். கெட்ட வார்த்தை வாயில் வராது. நியூயார்க் மேனேஜர் ஜான் மெக்ரா 1902இல் இந்த அணியைத் தீனிச் செலவு மட்டும் வைக்கிற வெள்ளை யானை என்று கேலி பேசினார். இவர் கோபப்படவில்லை, யானையையே சின்னமாக வைத்துக்கொண்டார்.

வீட்டுக்காரர்: சின்னம் வைத்தால் போதுமா? தீனி போட வேண்டாமா? இந்த வருஷம் 102 தோல்வி. இதே மைதானத்தில் வாடகைக்கு இருக்கிற மற்ற லீக் அணி ஃபில்லீஸ் தன் லீக் பட்டம் வாங்குகிறான். குடக்கூலிக்காரன் வீட்டில் கல்யாணம், வீட்டுச் சொந்தக்காரன் அடுப்பில் பூனை. இரண்டு வாரம் முன்னால், 4ஆம் தேதியும் 5ஆம் தேதியும், வேர்ல்ட் சீரிஸ் இதோ இங்கே நடந்தது. யாங்கீஸ் வந்தார்கள், டிமாஜியோ பத்தாவது இன்னிங்ஸில் ஹோம் ரன் அடித்தார். எனக்கு என்ன தெரிந்தது தெரியுமா? தகரத்தில் ஒரு புது ஆணி.

கடலைக்காரர்: நீ டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருக்கலாம்.

வீட்டுக்காரர்: பதினைந்து வருஷமாக நான் அந்த வாசல் மிதிக்கவில்லை. இனிமேலா மிதிப்பேன்? சரி, ஒன்று கேட்கிறேன், சொல். ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் முதல் கறுப்பின ஆட்டக்காரனாக இறங்கி நாலு சீசன் முடிந்துவிட்டது. இந்தத் தெருவைச் சுற்றி எத்தனை கறுப்பினக் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பையன்களில் ஒருத்தனாவது நம் அணியில் உண்டா?

(கடலைக்காரர் பதில் சொல்லவில்லை. கடலைப் பொட்டலத்தை நீட்டுகிறார். வீட்டுக்காரர் ஒரு கை எடுத்துக்கொள்கிறார். கொஞ்ச நேரம் தோல் உடைபடும் சத்தம் மட்டும்.)

கடலைக்காரர்: வயதாகிவிட்டது, ஐயா. எண்பத்தேழு. இப்போதெல்லாம் ஆட்டத்தின் நடுவே திடீரென்று ஃபாக்ஸை மட்டை பிடிக்கக் கூப்பிடுகிறார் என்று சொல்கிறார்கள். சைகையைப் பார்த்தும் பார்க்காத மாதிரி கோச் வேறு மாதிரி செய்துவிடுவாராம்.

வீட்டுக்காரர்: விற்ற ஆளைக் கூப்பிட்டால் எப்படி வருவான்? நான் போன வருஷம் கொடுத்த பழைய சோபாவைக் கூப்பிட்டுப் பார்க்கிறேன், வருகிறதா என்று. (சிரிக்கவில்லை.) ஃபாக்ஸையா கூப்பிட்டார்?

கடலைக்காரர்: அப்படித்தான் பேச்சு.

வீட்டுக்காரர்: மாடியிலிருந்து அந்த மனுஷன் முகம் எனக்குத் தெரியாது. எனக்குக் கீழே நேராக இருப்பது ரைட் ஃபீல்டரின் முதுகுதான். சும்மா நின்றுகொண்டிருப்பான். திடீரென்று தலையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்ப்பான், இடது பக்கமாக ஐந்தாறு அடி நகர்வான். எதற்கு நகர்கிறான் என்று தெரியாது. அடுத்த பந்தை அடிப்பான் எதிராளி, நேராக அவன் கையில் வந்து விழும். அந்த ஸ்கோர்கார்டு அசைந்திருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

கடலைக்காரர்: அதை நோட்டில் எந்தப் பக்கம் எழுதியிருக்கிறாய்?

வீட்டுக்காரர்: இந்த நோட்டுக்கு ஒரு பக்கம்தான்.

கடலைக்காரர்: வா, மேலே போய்ப் பார்ப்போம். நீ சொல்கிற மாடியை நான் பார்த்ததே இல்லை. ஆட்ட நேரத்தில் நான் வாசலில் அல்லவா நின்றேன்.

(இருவரும் படியேறுகிறார்கள். மாடியில் மழையில் நனைந்து வெளுத்த பெஞ்சுகள் மூன்று வரிசை, இன்னும் மைதானத்தைப் பார்த்தபடியே. எதிரே தகரம், நீள நெடுக. கடலைக்காரர் முதல் வரிசையில் உட்காரப் போகிறார்.)

வீட்டுக்காரர்: காசு.

கடலைக்காரர்: எதைப் பார்க்க?

வீட்டுக்காரர்: முதல் வரிசைக்குக் காசு. ஆட்டம் எப்படியிருந்தாலும் திருப்பித் தர மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்.

(கடலைக்காரர் மீதிப் பொட்டலத்தை அவர் கையில் வைத்துவிட்டு உட்காருகிறார்.)