24 இல்லை, 12 சிமிட்டல்தான்

வினாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) ஓடும் சிமிட்டல் படம் எடுப்பது பற்றி, "ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள தரைக் கல்) படம் ஒன்று, கருப்பு ஒன்று என மாற்றி மாற்றி அடுக்கினால் வினாடிக்கு 24 சிமிட்டல், எடிட்டிங் மென்பொருளின் டைம்லைன் வினாடிக்கு 25 ஃபிரேமில் இருந்தாலும் பரவாயில்லை" என்று ஒருவர் சொன்ன இரண்டுமே தவறு. ஒரு சிமிட்டலுக்கு 2 ஃபிரேம் போகிறது. ஆக 12தான்.

பெரிய வம்பு அந்த 25. கல்லின் படத்தை 90 டிகிரி வீதம் திருப்பி 4 ஃபிரேம், இடையிடையே 4 கருப்பு: சுற்றுக்கு 8. வினாடிக்கு 24 என்றால் சரியாக 3 சுற்று. 25 டைம்லைனில் போட்டால் மென்பொருள் வினாடிக்கொரு ஃபிரேமை இரட்டிக்கும், அல்லது கல்லையும் கருப்பையும் கலந்து மங்கலாக்கும். தாளம் தப்பிவிடும். முதல் கிளிப்பைப் போடும் முன்பே டைம்லைனை 24-இல் வையுங்கள்.

முழுப்பூ உள்ள கல் வேண்டாம். எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு மூலையில் மட்டும் கால்பூ (பூவின் கால்பங்கு) உள்ளதாக எடுங்கள்.

திரையிடும் முன் வலிப்பு எச்சரிக்கை அட்டை கட்டாயம்.