நடைபாதைக் கடையில் பேரம் வேண்டாம்

பர்மாவின் யாங்கூனுக்கு, அதாவது பழைய ரங்கூனுக்கு, முதுகுப்பையோடு வந்து இறங்கும் நம் இளைஞர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. மலிவான விடுதியில் தங்குங்கள், தெருவோரக் கடையில் மொய்ங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ் சாப்பிடுங்கள், கால் வலிக்க நடங்கள். எல்லாம் சரி. தரையில் தட்டு வைத்து விற்பவரிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள்.

இதை எழுதத் தூண்டியவன் திருச்சியிலிருந்து வந்திருந்த என் ஒன்றுவிட்ட அக்காள் மகன். நல்ல பிள்ளை, எதையும் ஆர்வமாகப் பார்க்கிறான். ஆனால் ஒவ்வொரு செலவையும் கைபேசியில் குறித்துக்கொண்டே வந்தான். இவன் வயதுப் பிள்ளைகள் பலர் இப்போது இப்படித்தான். ஒரு நாளை எவ்வளவு குறைந்த காசில் ஓட்டினேன் என்பதே பெரிய பெருமையாகிவிட்டது.

காலையில் முதலில் பொஜோ ஆங் சான் சந்தைக்குப் போனோம். 1926 இல் கட்டியது, ஸ்காட் மார்க்கெட் என்றால் பெரியவர்களுக்கு உடனே தெரியும். அங்கே பேரம் பேசு என்று நானே அவனிடம் சொன்னேன். கண்ணாடிப் பெட்டியில் விளக்குப் போட்டு ஜேட் வளையல் விற்பவர் ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார். குறைக்கப்போவதையும் சேர்த்தே சொல்வார். வாங்குபவருக்கும் அது தெரியும், யாருக்கும் நட்டமில்லை.

தெயின்ஜி சந்தை வேறு மாதிரி. அனோரதா சாலைக்கும் மகா பந்துலா சாலைக்கும் நடுவே நீண்டு கிடக்கிறது. 1871 இல் தமிழர்கள் எழுப்பிய காளி கோயில் அங்கிருந்து கூப்பிடு தூரம். உள்ளே நுழைந்தால் வரமிளகாய் நெடி, கருவாட்டு வாடை, ஙப்பி என்கிற மீன் விழுதின் வாடை, அதற்கு மேல் மூலிகைப் பட்டைகளின் கசப்பு மணம். அரைத்து முகத்தில் பூசும் தனக்கா மரக்கட்டைகளை விறகுபோல் அடுக்கியிருப்பார்கள். எடை இன்றும் வீசைக் கணக்குதான், ஒரு வீசை ஏறத்தாழ 1.6 கிலோ. தமிழில் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லும் மளிகைக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். மருமகன் அவர்களோடு ஊர்க்கதை பேசிப் பெருங்காயம் வாங்கினான். யாங்கூனில் பெருங்காயம் எதற்கு என்று நான் கேட்கவில்லை, பேச்சுக்காகவே வாங்கினான்.

வெளியே வந்தால் மழை. பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே ஓர் அம்மாள் மங்குஸ்தான் பழங்களைப் பத்துப் பத்தாகக் குவித்து வைத்திருந்தார். ஒரு பழத்தை எடுத்து, சிறு கத்தியால் நடுவில் சுற்றி ஒரு கீறல் போட்டு, மேல் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று சுளைகள். தோல் கறை ஏறி அவர் விரல்கள் ஊதா நிறமாகியிருந்தன. அந்தக் கறை எளிதில் போகாது. வெட்டிய பழத்தை மருமகனுக்கே கொடுத்துவிட்டார், காசு கேட்கவில்லை. அதைத் தின்றுகொண்டே, "ஐந்நூறு கியாட் குறைக்கச் சொல்லுங்கள், மாமா" என்றான். நான் சொல்ல மறுத்துவிட்டேன்.

"எல்லா ஊரிலும் பேரம் பேசத்தானே வேண்டும்? பேசாவிட்டால் ஏமாளி என்று நினைப்பார்களே" என்றான். நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். 2021 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 1,330 கியாட். 2024 இல் வெளிச்சந்தையில் அது 4,000 ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் ஐந்நூறு கியாட் என்பது நம் ரூபாயில் பத்துச் சொச்சம். வெளியூர்க்காரருக்கு இந்த நகரம் இவ்வளவு மலிவாகத் தெரிவதற்குக் காரணம், இங்கே உழைப்பவரின் காசு தேய்ந்துபோனதுதான். அரிசியும் எண்ணெயும் அந்த அம்மாளுக்கு மலிவாகவில்லை. உங்கள் கையிலிருக்கும் பணம் ஏற்கெனவே ஒரு பெரிய தள்ளுபடியை வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அதற்கு மேலும் ஐந்நூறைப் பிடுங்குவதில் என்ன சாமர்த்தியம்?

இதோடு, இப்படித் தெருவில் விற்பவர்களுக்கு இடமும் நிலையில்லை. 2016 இறுதியில் நகர மையத்து நடைபாதைக் கடைக்காரர்களை ஸ்டிராண்ட் சாலை இரவுச் சந்தைக்கு அனுப்பியது நிர்வாகம். பிடித்து வைத்த வாடிக்கையாளர்களையும் இடத்தோடு விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான்.

தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியிருப்பதுதான் எனக்கு வருத்தம். 1964 இல் இங்கே கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. என் சின்னத்தாத்தா கடையை இழந்து கப்பலேறினார். சென்னையில் பர்மா பஜார் 1969 இல் உருவானது அவரைப் போன்றவர்களுக்காகத்தான். முதலாளியாக இருந்தவர் கடற்கரை ரயில் நிலையம் பக்கம் நடைபாதையில் நின்று சாமான் விற்றார். இன்று அந்தப் பக்கம் அத்தோ என்கிற பர்மிய நூடுல்ஸ் தின்னப் போகிறவர்கள் தட்டுக்கு விலை குறைக்கச் சொல்வதில்லை. யாங்கூன் தெருவில் மட்டும் ஏன் அந்த நாக்கு நீள்கிறது?

அந்த அம்மாள் சொன்ன விலையையே கொடுத்து மருமகன் இருபது பழம் வாங்கினான். முகம் கொஞ்சம் சுண்டியிருந்தது, பரவாயில்லை.

வருகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. திங்கட்கிழமை பொஜோ சந்தை மூடியிருக்கும், நேராகத் தெயின்ஜிக்கு வந்துவிடுங்கள். சில்லறை நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நோட்டை நீட்டினால் அந்த அம்மாள் மீதிக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓட வேண்டியிருக்கும்.