அது கெட்ட ரத்தம் இல்லை

முந்தாநாளிலிருந்து அந்த வீடியோவை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "மாதாமாதம் கெட்ட ரத்தம் வெளியேறுவதால்தான் பெண்கள் உடம்பு சுத்தமாகிறது" என்று மேடையில் ஒருவர் சொல்கிறார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். நல்லவிதமாகத்தானே சொன்னார், இதற்கென்ன கோபம் என்கிறீர்கள்.

கோபம்தான். அது கெட்ட ரத்தம் இல்லை.

சினைப்பையில் முட்டை வளரும்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் கருப்பையின் உள்சவ்வைத் தடிக்க வைக்கிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம் என்ற சிறு சுரப்பி, புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரந்து அந்தச் சவ்வைக் கரு தங்குவதற்குப் பக்குவப்படுத்துகிறது. கரு தங்காவிட்டால் சுமார் இரண்டு வாரத்தில் அந்தச் சுரப்பி சுருங்கிவிடும், இரண்டு ஹார்மோனும் இறங்கும், சவ்வு உதிரும். கூட வருவது உடம்பெல்லாம் ஓடுகிற அதே ரத்தம். ஒரு பிள்ளைக்காகப் போட்டு வைத்த மெத்தை அது. அதில் எங்கே வந்தது அழுக்கு?

"நீ என்ன டாக்டரா?" இல்லை. இதற்குப் பள்ளிக்கூட அறிவியல் புத்தகம் போதும். ஆனால் அந்தப் பாடம் வந்தபோது எங்கள் டீச்சர், "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்தைத் திருப்பிவிட்டார். வீட்டில் எனக்கு இருந்தது கொல்லைத் தாழ்வாரமும் நசுங்கிய அலுமினியத் தட்டும். என்மேல் உயிரையே வைத்திருந்த அப்பாயி, தட்டில் கை படாமல் உயரத்திலிருந்து சோற்றைப் போடுவார். அவரைக் குறை சொல்லவில்லை. கெட்ட ரத்தம் என்று நம்பிவிட்டால் அப்படித்தான் போடத் தோன்றும்.

"அந்தக் காலத்தில் ஓய்வுக்காக வைத்த ஏற்பாடு" என்று எழுதப்போகிறவர்களுக்கு: எனக்குப் படுக்கக் கொடுத்தது கோணிச்சாக்கு. கருப்பை தன்னையே இறுக்கிப் பிழிகிற வலியில் அதில்தான் சுருண்டு கிடந்தேன். ஓய்வு என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சரி, ஒரு வார்த்தைக்கு இவ்வளவா என்றால், கைதட்டிய பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி. அவளுக்கு இந்த முறை ஆறு நாள் தள்ளிப்போயிருக்கிறது. "வராவிட்டால் அந்தக் கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிடுமாம்மா?" என்று கேட்டாள். வயதுக்கு வந்த புதிதில் 45 நாள் வரைகூட இடைவெளி விழும், முட்டை வெளிவரத் தாமதமானால் எல்லாமே தள்ளிப்போகும், உள்ளே எதுவும் தேங்காது என்று படம் வரைந்து காட்டினேன். தலையாட்டினாள்.

ராத்திரி பதினொரு மணிக்கு எழுந்து பார்த்தால், நாள்காட்டியை மடியில் வைத்து விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கிறாள்.